அத்தை ஒப்படைத்த பூந்தொட்டி

பச்சைக் குப்பைத்தொட்டிக்குள் இடுப்புவரை கவிழ்ந்திருந்த யெல்மரின் இரண்டு காலும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. தெருமுனையில் குப்பை வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. கையில் உருளைக்கிழங்குத் தோல் வந்தது. காப்பித்தூள் சக்கை வந்தது. போன வாரத்து மீன் முள்கூட வந்தது. வர வேண்டியது மட்டும் வரக் காணோம்.

"என்னடா தேடறே? மோதிரமா?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சைமன் எட்டிப் பார்த்தான்.

"டியூலிப்."

"பூ முடிஞ்ச டியூலிப்பையா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? சந்தையில அள்ளி அள்ளிக் குடுக்கறான்."

"அத்தையோடதுடா!"

சைமனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஹில்லெகொண்டா டீச்சரோடதா?"

"ஆமா."

"ஐயோ பாவி!" என்று வேலியைத் தாண்டிக் குதித்து வந்து அவனும் தொட்டிக்குள் கையை விட்டான்.

ஹோர்ன் நகரத்தில் பிறந்த எவனுக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் குளிர் ஜுரம் வரும். ஊர் நீச்சல் குளத்தில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள் ஹில்லெகொண்டா. வாசலுக்கு வாசல் கால்வாய் ஓடும் ஊரில் நீச்சல் தெரியாமல் பிள்ளை வளர்க்க முடியாது. சட்டை, கால்சராய், சப்பாத்து எல்லாவற்றோடும் தண்ணீரில் தள்ளிவிட்டுத்தான் பரீட்சை வைப்பார்கள். கரையைப் பிடிக்கப் போகும் விரல்களுக்கு முன்னால் அவளுடைய நீளக் கம்பு வந்து நிற்கும். "கரை எங்கயும் ஓடிப் போயிடாது. நீந்து!" என்பாள். ஆறு வயதில் அந்தக் கம்பைப் பார்த்து நடுங்கிய யெல்மர், வளர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, ஊரில் வேறு பெண்ணே இல்லாததுபோல அவள் மகளையே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். அத்தை காப்பியைக் கரண்டியால் கலக்கினால் இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வான்.

அந்த அத்தைதான் பூந்தொட்டியை அவனிடம் ஒப்படைத்திருந்தாள். சும்மா பூந்தொட்டி இல்லை. காலம்சென்ற மாமனார் ஏவர்ட், விதை போட்டு ஏழெட்டு வருஷம் காத்திருந்து, தானே உருவாக்கிய டியூலிப். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதற்கு ஆசையாசையாக மனைவியின் பெயரையே வைத்திருந்தார்: ஹில்லெகொண்டா. மூன்று நாள் வெளியே வைத்த ஈரலின் நிறம் அந்தப் பூவுக்கு. குடும்பத்தில் எல்லோரும் அதை "அபூர்வம்" என்றுதான் சொல்வார்கள். வேறு வார்த்தை சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

மாமனார் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது அத்தைக்கு ஸ்டூரே என்று ஒரு துணை கிடைத்திருந்தது. ஸ்வீடனின் வடகோடியில், கிருனாவில், இரும்புத்தாது ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏப்ரலில் அத்தை மூட்டை முடிச்சோடு அங்கே கிளம்பினாள். வண்டியில் ஏறுவதற்கு முன் யெல்மரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை" என்றாள்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அதுவரை அவன், மகள் பெயரைச் சொல்லி, "ஃபெம்கேவோட ஆளு"தான்.

"கிருனாவுல இப்ப மண்ணு பாறை மாதிரி உறைஞ்சு கிடக்கு. பூ முடிஞ்சு இலை காஞ்சதும் கிழங்கைத் தோண்டி எடுத்துப் பத்திரமா வெச்சுக்குங்க. கோடை முடிஞ்சதும் நான் அங்க நட்டுக்கறேன். டியூலிப்புக்குக் குளிர் நல்லதுதானே?"

"நா... நானா அத்தை? பக்கத்து வீட்டுச் சைமன் கிழங்குப் பண்ணை வெச்சிருக்கான். அவன்கிட்ட..."

"சைமனா? வேண்டவே வேண்டாம்!" அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல எத்தனை பேர் இருந்தாலும் இதை உங்க கையில குடுத்தாத்தான் எனக்கு நிம்மதி."

யெல்மருக்குப் பெருமை வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது. பெருமை அன்று சாயங்காலமே போய்விட்டது. பயம் மட்டும் தங்கிவிட்டது.

"உன்கிட்டயா? எங்கம்மாவா குடுத்தாங்க?" என்று ஃபெம்கே இரண்டு தடவை கேட்டாள். "நீ வளத்த கள்ளிச்செடி தாகத்துல செத்துப் போச்சே, அவங்களுக்குத் தெரியுமே."

"மனுஷன் திருந்த மாட்டானா?"

"நீயா?" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்படிப்பட்ட தொட்டியைத்தான் இன்று குப்பையில் கொட்டியிருந்தான். வேண்டுமென்று இல்லை. பூ உதிர்ந்த டியூலிப்பை அந்த ஊரில் எவரும் வீட்டில் வைத்திருப்பதில்லை. ஈஸ்டருக்கு வாங்கினோமா, பூத்ததா, உதிர்ந்ததா, குப்பையில் கவிழ்த்தோமா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஃபெம்கே ஈஸ்டருக்கு வாங்கிய இரண்டு தொட்டிகளைக் கவிழ்த்த கை, பக்கத்திலிருந்த மூன்றாவதையும் பழக்கதோஷத்தில் கவிழ்த்துவிட்டது. காலித் தொட்டியைக் கழுவும்போதுதான் அடியில் "ஹில்லெகொண்டா" என்று மாமனார் எழுதியிருந்ததைப் பார்த்தான்.

"கிடைச்சிருச்சு!" என்று சைமன் ஒரு கிழங்கை இலையோடு தூக்கினான். "இதோ இன்னொண்ணு. இன்னொண்ணு."

குப்பை வண்டி வாசலுக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டார்கள். யெல்மர் எண்ணிப் பார்த்தான். பதினொன்று இருந்தது.

"அத்தையோடது அஞ்சுதாண்டா."

"மிச்சம் உன் பொண்டாட்டி சந்தையில வாங்கினது."

"எது எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

சைமன் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பூத்தா தெரியும்."

"எப்பப் பூக்கும்?"

"அடுத்த வசந்தத்துல."

யெல்மர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். அத்தை கிருனாவில் நடுவாள். ஈரல் நிறத்துக்குப் பதிலாகச் சந்தைச் சிவப்பு பூக்கும். மாமனாரின் பூ அதோடு உலகத்திலிருந்தே போய்விடும். அதன்பின் அத்தை வருவாள். அவளுடைய கம்பும் வரும் என்று அவனுக்குத் தோன்றியது.

"பதினொண்ணையும் காப்பாத்து" என்றான் சைமன். "இலையை மட்டும் வெட்டிடாதே. கீழ இருக்கற கிழங்குக்கு அந்த இலைதான் சோறு போடுது. தானா பழுத்துக் காயட்டும்."

பதினொன்றையும் ஒரு அகலத் தொட்டியில் நட்டு, ஒடிந்த இலைகளுக்குக் குச்சி வைத்து, ஃபெம்கேவின் தலைமுடி ரப்பரால் கட்டினான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தாள். மகளை விட்டுவிட்டு நேரே மருமகனைத்தான் கேட்டாள்.

"இருக்கா மாப்பிள்ளை?"

"இருக்கு அத்தை." பதினொன்றாகப் பெருகியிருக்கிறது என்று சொல்லவா முடியும்?

"இன்னுமா இருக்கு?" என்று அத்தை மறுபடி கேட்டாள். யெல்மருக்கு வியர்த்தது. கண்டுபிடித்துவிட்டாளோ?

"இலையெல்லாம்?"

"பச்சையா இருக்கு அத்தை."

"ஓ... பச்சையா இருக்கா." என்றாள் அத்தை. "நிறையத் தண்ணி ஊத்துங்க. காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. கணக்குப் பாக்காம ஊத்துங்க."

யெல்மர் கணக்குப் பார்க்காமல் ஊற்றினான். மழை பெய்யும்போதுகூடக் குடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினான். மே மாதம் முடிவதற்குள் தொட்டியிலிருந்து செத்த எலி நாற்றம் வந்தது.

"டேய், டேய், டேய்!" சைமன் தலையில் அடித்துக்கொண்டான். "இலை பழுக்கற நேரத்துல யாராவது இப்படித் தண்ணி ஊத்துவாங்களா? கிழங்கு அழுகிடும்டா!"

"அத்தைதான் சொன்னாங்க."

"அவங்களா? ஏவர்ட் மாமாவோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவங்க அப்படிச் சொல்வாங்களா? தண்ணி ஊத்தாதேன்னு சொல்லியிருப்பாங்க. பயத்துல நீ தலைகீழா வாங்கிட்டே."

இருக்கலாம் என்றுதான் யெல்மருக்கும் பட்டது. அத்தையின் குரலைக் கேட்டாலே அவன் காதுக்குள் குளத்துத் தண்ணீர் புகுந்துவிடும்.

அவசர அவசரமாகத் தோண்டினார்கள். மேல்தோலில் பூஞ்சை பூத்திருந்தது. பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, செய்தித்தாளில் பரப்பி, ஒரு வாரம் விசிறி போட்டு உலர்த்தினான். கடையில் மூக்குக்கண்ணாடி துடைக்க வைத்திருந்த மெல்லிய துணியெல்லாம் அதிலேயே தீர்ந்தது. கடைசியில் ஒன்றுகூட அழுகவில்லை.

"ஒண்ணுகூட அழுகலை அத்தை" என்று அடுத்த போனில் சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

அத்தை நீளமாக மூச்சு விட்டாள். சந்தேகப்படுகிறாள் என்று யெல்மருக்குத் தோன்றியது.

"சரி. வெயில் காலம் வருது. ஃப்ரிட்ஜில வைங்க. ஆப்பிள் வைப்பீங்களே, அந்தத் தட்டிலேயே ஆப்பிளோட சேர்த்து வைங்க. பத்திரமா இருக்கும்."

இந்த முறை தலைகீழாக வாங்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ள, "ஆப்பிளோடதானே அத்தை?" என்று திருப்பிக் கேட்டான்.

"ஆப்பிளோடதான். நிறைய ஆப்பிள் போடுங்க."

சைமன் ஒருநாள் பீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தான். அவன் போட்ட கூச்சலில் மாடியிலிருந்த ஃபெம்கே இறங்கி ஓடிவந்தாள்.

"ஆப்பிள் பழுக்கும்போது ஒரு வாயு வரும்டா! கிழங்குக்குள்ள இருக்கற மொட்டை அது கருக்கிடும்! எங்க கிடங்குப் பக்கம் எவனாவது ஆப்பிள் கடிச்சுட்டு வந்தாலே துரத்தி அடிப்போம்!"

"அத்தைதான்..."

"போதும். டீச்சர் பேரைக் கெடுக்காதே."

ஒரு கிழங்கை மட்டும் பிளந்து பார்க்கலாம், மொட்டு உயிரோடு இருக்கிறதா தெரியும் என்றான் சைமன். யெல்மர் கத்தியைப் பிடுங்கி ஒளித்துவைத்தான். பிளப்பது அத்தையுடைய கிழங்காக இருந்துவிட்டால்? நல்லவேளையாக ஆப்பிளோடு வைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஆப்பிளுக்குத் தடை போட்டான். ஃபெம்கே ஆப்பிள் தின்ன வேண்டுமென்றால் தெருவில் நின்று தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

"எங்கம்மாவுக்குப் பயப்படறே, சரி. எனக்கு எப்பப் பயப்படப்போறே?" என்றாள் அவள்.

"உனக்கும்தான் பயப்படறேன். ஆனா வரிசையில நீ ரெண்டாவது."

கடைசியில் சைமனின் யோசனைப்படி, ஃபெம்கேவின் பழைய நைலான் காலுறை ஒன்றில் கிழங்குகளைப் போட்டு, நடுநடுவே முடிச்சுப் போட்டு, காற்றோட்டமாகப் பின்கட்டுக் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கவிட்டான். எலிக்கு எட்டாது. கடைக்குப் போகும்போது ஒரு தடவை பார்த்தான். திரும்பும்போது ஒரு தடவை பார்த்தான். மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்தும் பார்த்தான். கண் பரிசோதிக்க வந்த கிழவர் ஒருவர், "டாக்டர், எனக்குப் பார்வை மோசமா? உங்க கை இப்படி நடுங்குதே!" என்று பயந்து எழுந்து போனார்.

ஆகஸ்டில் ஃபெம்கேவின் பிறந்தநாள் வந்தது. வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கி, கேக்கும் காப்பியுமாக உட்கார்ந்தார்கள். நடுநாயகமாக அமர்ந்திருந்தவள் மாமனாரின் அக்கா அலெய்தா. ஹில்லெகொண்டாவே குரலைத் தாழ்த்திப் பேசுவது இந்த ஒரு நாத்தனாரிடம்தான்.

"எங்க அந்தக் கிழங்கு?" என்றாள் அலெய்தா. "என் தம்பி உசுரையே அதுலதான் வெச்சுட்டுப் போனான். ஹில்லாகிட்ட நான் தெளிவா சொல்லிட்டேன். நீ யாரோட வேணா போ, எங்க வேணா போ. அந்தப் பூ மட்டும் அழிஞ்சுதுன்னா உன் முகத்துல முழிக்க மாட்டேன், ஊரு முழுக்கச் சொல்லிடுவேன்னேன்."

"இதோ கொண்டாரேன் பெரியம்மா" என்று யெல்மர் கொட்டகைக்குப் போனான்.

உத்தரத்தில் காலுறை இல்லை.

கீழே பார்த்தான். பெட்டிகளுக்குப் பின்னால் பார்த்தான். எலிப்பொறிக்குள்கூடப் பார்த்தான். காதுக்குள் குளத்துத் தண்ணீர் புகுந்தது. கூடத்துக்கு ஓடிவந்தபோது, தட்டில் பாலாடைக்கட்டித் துண்டுகளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக, உருண்டையாக, தோலுரித்த சின்னக் கிழங்குகள் குவிந்திருந்தன. அலெய்தா அதில் ஒன்றைக் குச்சியில் குத்தி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"துப்புங்க! துப்புங்க!" என்று அலறிக்கொண்டு யெல்மர் பாய்ந்தான். குச்சி பறந்தது. காப்பி ஒரு சித்தப்பாவின் மடியில் கவிழ்ந்தது. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தவன், "எத்தனை தின்னீங்க? சொல்லுங்க பெரியம்மா, எத்தனை தின்னீங்க?" என்று கதறினான்.

"யெல்மர்!" என்றாள் ஃபெம்கே. "அது ஊறுகாய் வெங்காயம்!"

யெல்மர் தட்டுக்குள் குனிந்து முகர்ந்து பார்த்தான்.

"அப்ப கிழங்கு?"

"வீட்டுக்கு இத்தனை பேர் வராங்க. என் காலுறை கொட்டகையில தொங்கினா நல்லாவா இருக்கும்? கழட்டி என் அலமாரியில மாட்டியிருக்கேன்."

யெல்மர் மெல்லத் தலை நிமிர்ந்தான். அலெய்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு துடித்தது. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

விழவில்லை. அலெய்தா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தம்பி பூவுக்காக இப்படி உசுரை விடற ஆளு இந்தக் குடும்பத்துல இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சே! நான் முடிவு பண்ணிட்டேன். வர ஜூன்ல கிருனாவுக்குப் போறேன். அது பூக்கறதை என் கண்ணால பாக்கணும். இனிமே வருஷா வருஷம் போவேன்."

அன்றிரவே யெல்மர் அத்தைக்கு போன் செய்து, கிழங்கு தயார் என்றான்.

"தபால்ல அனுப்பிடுங்க" என்றாள் அத்தை. "சாதாரணத் தபாலே போதும். பதிவெல்லாம் பண்ணாதீங்க."

"தொலைஞ்சு போயிட்டா?"

"போனா போகட்டும் மாப்பிள்ளை. விதின்னு விட்டுடலாம்."

எவ்வளவு பெரிய மனசு! அந்தப் பெருந்தன்மைதான் யெல்மரை இன்னும் பயமுறுத்தியது. நேரிலேயே கொண்டுபோவது என்று முடிவு செய்தான்.

விமானத்தில் சரக்கோடு போட்டால் உறைந்துவிடுமோ என்று பயந்து, கிழங்குகளைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் கட்டிக்கொண்டான். விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் அவன் வயிற்றைத் தடவிப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி வயிற்றைத் தடவினாள். பதினொரு கிழங்கும் மேசையில் வரிசையாக வைக்கப்பட்டன. "எங்க அத்தையோடது" என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது. அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, விட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் தொடக்கத்திலேயே கிருனாவில் காது விறைத்தது. அத்தை கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"மாப்பிள்ளையா? நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்..."

யெல்மர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். சமையலறை மேசையில் பதினொன்றையும் பரப்பினான். இத்தனை மாதம் தொண்டையில் அடைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினான்.

"அத்தை, என்னை மன்னிச்சுடுங்க. குப்பையில கொட்டிட்டேன். உடனே பொறுக்கிட்டேன். ஆனா சந்தைக் கிழங்கோட கலந்துடுச்சு. எது உங்களோடதுன்னு தெரியலை. அதான் எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். எல்லாத்தையும் நட்டா, அதுல அஞ்சு கண்டிப்பா நம்ம பூதான். தண்ணியில அழுகலை. ஆப்பிள்ல கருகலை. ஒண்ணுகூடச் சாகலை அத்தை!"

அத்தை கையால் துழாவி நாற்காலியைத் தேடினாள்.

"அலெய்தா பெரியம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஜூன்ல பூ பாக்க வராங்க. டிக்கெட்கூட எடுத்தாச்சு. வருஷா வருஷம் வருவாங்களாம்."

அத்தை தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது. ஊரையே நடுங்கவைத்த ஹில்லெகொண்டா டீச்சர் அழுது யெல்மர் பார்த்ததே இல்லை. ஆறு வயதிலிருந்து அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் அந்தக் கண்ணீரில் கரைந்து போயிற்று. அவன் கண்ணும் நிறைந்தது.

"அழாதீங்க அத்தை. உங்க நம்பிக்கையை நான் காப்பாத்திட்டேன்."

காப்பிக் கெட்டிலோடு உள்ளே வந்த ஸ்டூரே மேசையைப் பார்த்தார். கிழங்குகளைப் பார்த்தார். யெல்மரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் ஹில்லா," என்று வெள்ளந்தியாகக் கேட்டார், "'அந்த ஆளு கையில குடுத்தா ஒரு மாசம் தாங்காது, நாத்தனாரும் நம்மளைக் குத்தம் சொல்ல முடியாது'ன்னு சொன்னியே, அந்த மாப்பிள்ளை இவர்தானா?"